படம் ஓடுகிறது, சத்தம் வரவில்லை!

'படம் பார்த்தேன்' என்றுதான் தமிழில் சொல்வது வழக்கம். 'படம் கேட்டேன்' என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் டென்ட் கொட்டகையில் மணலைக் குவித்து அதன்மேல் உட்கார்ந்து படம் பார்த்த தலைமுறையை விசாரித்தால் வேறொரு உண்மை தெரியவரும். படம் கொஞ்சம் மங்கினால் பொறுத்துக் கொள்வார்கள். திரையில் கோடு கோடாக மழை பெய்தாலும் பொறுத்துக் கொள்வார்கள். சத்தம் நின்றால் மட்டும் ஒரு நிமிடம் கூடப் பொறுக்க மாட்டார்கள். விசில் பறக்கும், "ஆபரேட்டர்!" என்று கூச்சல் கிளம்பும்.

இதற்குக் காரணம் உண்டு. தமிழ்ப் படம் பாட்டாலும் வசனத்தாலும் வளர்ந்தது. 1952ல் வெளிவந்த பராசக்தியின் வசனத்தை மனப்பாடமாக ஒப்பித்தவர்கள் ஊருக்கு ஊர் இருந்தார்கள். படத்தைக் காட்டாமல் அதன் ஒலியை மட்டும் 'ஒலிச்சித்திரம்' என்று வானொலியில் ஒலிபரப்பினாலும் மக்கள் வேலையை விட்டுவிட்டுக் கேட்டார்கள். சத்தம் போன தமிழ்ப் படம் உப்பில்லாத குழம்பு அல்ல, சோறே இல்லாத இலை!

அந்தச் சத்தம் ஃபிலிமில் எங்கே இருக்கிறது, அது ஏன் அடிக்கடி மக்கர் செய்தது, அதை யார் எப்படிச் சரி செய்தார்கள் என்பது ஒரு தனி வரலாறு. கருவி மாற மாற, பழுதின் குணமும் மாறியது. பழுதுகளை வரிசையாகப் பார்த்தாலே பேசும் படத்தின் வரலாறு கிடைத்துவிடும்.

ஏரிக்கரை என்னும் சோதனைக்கூடம்

இந்த வரலாற்றைப் புரிந்துகொள்ள ஓர் இடத்தை மனதில் வைத்துக்கொள்வது நல்லது. அதற்குப் பழவேற்காடு பொருத்தமான ஊர். சென்னைக்கு வடக்கே சுமார் 55 கி.மீ. தொலைவில், திருவள்ளூர் மாவட்டத்தில் இருக்கிறது. டச்சுக்காரர்கள் 1613ல் கெல்டிரியா கோட்டையைக் கட்டிய துறைமுகம் இது. இங்குள்ள ஏரி இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. அதன் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. கரையிலும் தீவுகளிலும் கோட்டைக்குப்பம், நடுவூர் மாதா குப்பம், ஆண்டிக்குப்பம், பசியாவரம் என்று மீனவ ஊர்கள் பல உண்டு. ஏரியில் எந்த நாளில் எந்த இடத்தில் யார் வலை போடுவது என்பதைச் சீட்டுப் போட்டு முறை வைத்துப் பிரித்துக் கொள்ளும் 'பாடு' வழக்கம் இப்பகுதியில் உண்டு.

தமிழ்த் திரையுலகின் தலைநகரான சென்னை இங்கிருந்து அதிக தூரமில்லை. ஆனால் ஒரு புரொஜக்டருக்கு இதைவிடக் கடினமான இடம் கிடைப்பது அரிது. உப்புக் காற்று, ஈரம், பறக்கும் மணல், சில ஊர்களுக்குப் போகப் படகு. ஒலிக் கருவியின் ஒவ்வொரு பலவீனமும் இப்படிப்பட்ட கரையில்தான் முதலில் தலைகாட்டும்.

படத்துக்கு வெளியே இருந்த சத்தம்

முதலில் படத்தில் சத்தமே கிடையாது. திருச்சியில் ரயில்வே ஊழியராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905ல் டுபான்ட் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து புரொஜக்டரையும் சில படங்களையும் விலைக்கு வாங்கி, கூடாரத்துடன் ஊர் ஊராகக் கிளம்பினார். மௌனப் படக் காட்சிகளில் திரைக்குப் பக்கத்தில் நின்று ஒருவர் கதையை விளக்கிச் சொல்வதும் உண்டு. அந்தக் காலத்தில் 'சத்தம் போய்விட்டது' என்றால் கதை சொல்பவருக்குத் தொண்டை கட்டிவிட்டது என்று பொருள்!

அடுத்து வந்தது இசைத்தட்டு. சென்னையில் புகைப்படக் கலைஞராக இருந்த ரகுபதி வெங்கையா 1910ஐ ஒட்டிய ஆண்டுகளில் 'குரோனோ மெகாபோன்' என்ற கருவியை வரவழைத்துக் காட்சிகள் நடத்தினார். பிரான்சின் காமோன்ட் நிறுவனம் உருவாக்கிய கருவி அது. ஒரு பக்கம் புரொஜக்டர், மறு பக்கம் கிராமபோன். இரண்டையும் ஒரே வேகத்தில் ஓட வைக்க வேண்டும். சத்தத்தைப் பெரிதாக்க மின்சார ஆம்ப்ளிஃபயர் அப்போது இல்லாததால் அழுத்தப்பட்ட காற்றைப் பயன்படுத்தினார்கள். 1914ல் சென்னையில் கெயிட்டி திரையரங்கைக் கட்டியவரும் இதே வெங்கையாதான்.

1926ல் அமெரிக்காவில் வந்த வைட்டாபோன் முறையும் இசைத்தட்டை நம்பியதே. இந்த முறையின் தலையாய பழுது பொருத்தம் தவறுவது. ஃபிலிம் அறுந்தால் சேதமான ஃபிரேம்களை வெட்டிவிட்டு ஒட்டுவார்கள். படம் அவ்வளவு குறுகிவிடும், இசைத்தட்டு குறுகாது. அதன்பின் வாய் ஒரு பக்கம், சொல் ஒரு பக்கம். இதற்கு ஆபரேட்டர்கள் கண்ட வழி எளியது. எத்தனை ஃபிரேம் வெட்டினார்களோ அத்தனை கறுப்பு ஃபிரேம்களை அங்கே சேர்த்து ஒட்டினார்கள். ஒரு கணம் திரை இருண்டாலும் பரவாயில்லை, பேச்சு பொருந்தினால் போதும்!

ஒளியால் எழுதிய ஒலி

இந்தத் தொல்லைக்கு முடிவு கட்டியது, ஒலியை ஃபிலிமிலேயே பதியும் முறை. படங்களுக்குப் பக்கத்தில் ஒரு மெல்லிய பட்டை. ஒலிக்கு ஏற்ப அதன் அகலமோ அடர்த்தியோ மாறும். புரொஜக்டரில் 'எக்ஸைட்டர் லாம்ப்' என்ற சிறு விளக்கின் ஒளி, முடியைவிட மெல்லிய கோடாகக் குவிந்து அந்தப் பட்டையின் மேல் விழும். பட்டை ஓடும்போது ஊடுருவும் ஒளி கூடும், குறையும். எதிரே இருக்கும் போட்டோ செல் அதை மின் அலையாக மாற்றும். ஆம்ப்ளிஃபயர் பெரிதாக்கும், ஸ்பீக்கர் பேசும்.

1931 மார்ச் 14ல் பம்பாயில் 'ஆலம் ஆரா' வெளியானது. அதே ஆண்டு அக்டோபர் 31ல் சென்னை கினிமா சென்ட்ரலில் டி.பி. ராஜலட்சுமி நடித்த 'காளிதாஸ்' வெளியானது. தொடக்க காலத் தமிழ்ப் பேசும் படங்களைப் பம்பாய்க்கும் கல்கத்தாவுக்கும் போய்த்தான் எடுத்தார்கள். 1934ல் ஏ. நாராயணன் சென்னையில் ஸ்ரீனிவாசா சினிடோன் என்ற பேசும்பட ஸ்டூடியோவைத் தொடங்கினார். அங்கே ஒலிப்பதிவு செய்தவர் அவரது மனைவி மீனா நாராயணன். இந்தியாவின் முதல் பெண் ஒலிப்பதிவாளர் என்று அவர் போற்றப்படுகிறார்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். படம் தெரிய ஒவ்வொரு ஃபிரேமும் லென்சுக்கு முன்னால் ஒரு கணம் நின்று நின்று போக வேண்டும். ஒலியோ நிற்காமல் ஒரே சீராக ஓட வேண்டும். நிற்பதும் ஓடுவதும் ஒரே இடத்தில் நடக்க முடியாது. அதனால் ஒரு காட்சிக்குரிய ஒலியை 35 எம்.எம். படத்தில் 20 ஃபிரேமும், 16 எம்.எம். படத்தில் 26 ஃபிரேமும் முன்னால் தள்ளிப் பதித்தார்கள். லென்சுக்கும் ஒலி உருளைக்கும் நடுவே ஃபிலிமை ஒரு வளையமாகத் தொங்கவிட்டார்கள். ஆபரேட்டர்கள் 'லூப்' என்று சொல்வது இதைத்தான். பின்னாளில் வந்த பழுதுகளில் பாதி இந்த லூப்பில் பிறந்தவை.

வீட்டுக்கும் ஊருக்கும் வந்த சின்ன ஃபிலிம்

35 எம்.எம். கருவி கனமானது. அதன் பழைய ஃபிலிம் நைட்ரேட் வகை, தீப்பிடித்தால் அணைப்பது கடினம். 1923ல் கோடாக் நிறுவனம் வீட்டு உபயோகத்துக்காக 16 எம்.எம். ஃபிலிமை வெளியிட்டது. எளிதில் தீப்பற்றாத அசிடேட்டில் செய்ததால் வீட்டுக் கூடத்திலும் பள்ளி வகுப்பறையிலும் இதை ஓட்டலாம். 1930களின் தொடக்கத்தில் இதற்கும் பேச்சு வந்தது. இருபுறமும் இருந்த துளைகளில் ஒரு வரிசையை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒலிப் பட்டையை வைத்தார்கள்.

இதிலேயே ஒரு ஆபத்தும் ஒளிந்திருந்தது. பழைய மௌனக் கருவியின் சக்கரத்தில் இருபுறமும் பல் இருக்கும். அதில் பேசும் ஃபிலிமை மாட்டினால் ஒரு பக்கப் பல் நேராக ஒலிப் பட்டையைத் துளைத்துக்கொண்டே போகும். அந்தச் சத்தத்தை அதன்பின் எந்த மெக்கானிக்காலும் திரும்பக் கொண்டுவர முடியாது.

இரண்டாம் உலகப் போரில் படைவீரர்களுக்குப் படம் காட்ட 16 எம்.எம். கருவிகள் ஏராளமாகப் பயன்பட்டன. சுதந்திர இந்தியாவில் 1948ல் ஃபிலிம்ஸ் டிவிஷன் தொடங்கியது. ஐந்தாண்டுத் திட்டங்களை மக்களிடம் கொண்டு செல்ல 1953ல் உருவான அமைப்பு, 1959ல் கள விளம்பர இயக்ககம் என்று பெயர் மாறியது. திரை, ஜெனரேட்டர், ஸ்பீக்கர், 16 எம்.எம். புரொஜக்டர் ஆகியவற்றுடன் வேன்கள் கிராமங்களுக்குப் போயின. திரையரங்கு இல்லாத ஊர்களுக்குச் சினிமா போய்ச் சேர இரண்டு வழிகள் இருந்தன. ஒன்று, குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் உரிமம் பெற்றுக் கூடாரம் போடும் டூரிங் டாக்கீஸ். மற்றது, இரண்டு பெட்டியில் அடங்கி, படகிலும் ஏற்றக்கூடிய இந்த 16 எம்.எம்.

ஆனால் சின்ன ஃபிலிமுக்கு ஒரு விலை கொடுக்க வேண்டியிருந்தது. 35 எம்.எம்.மில் ஒரு வினாடி ஒலிக்குச் சுமார் 46 செ.மீ. நீளம் கிடைக்கிறது. 16 எம்.எம்.மில் சுமார் 18 செ.மீ. மட்டுமே. நெருக்கி எழுதிய கையெழுத்தைப் போல, கீச்சென்ற மேல் ஒலிகள் இதில் மங்கிவிடும். 'ச', 'ஸ' போன்ற எழுத்துக்கள் மழுங்கிக் கேட்கும். எனவே லென்சில் ஒரு துளி எண்ணெய் படிந்தாலே போதும், வசனம் புரியாது.

காதால் கண்ட பழுதுகள்

சினிமா ஆபரேட்டர் வேலைக்கு அரசு உரிமம் வேண்டியிருந்தது. ஆனால் பழுது பார்க்கும் அறிவு பெரும்பாலும் பக்கத்தில் நின்று கற்றதுதான். அதில் ஓர் ஒழுங்கு உண்டு. எந்தப் பழைய 16 எம்.எம். கருவிக்கும் அது இன்றும் பொருந்தும்.

1. சத்தமே இல்லை. முதலில் எக்ஸைட்டர் லாம்ப் எரிகிறதா என்று பார்க்க வேண்டும். எரிந்தால், ஃபிலிம் இல்லாமல், விளக்குக்கும் ஒலி உருளைக்கும் நடுவே ஒரு அட்டையை மேலும் கீழும் ஆட்ட வேண்டும். ஸ்பீக்கரில் 'தட், தட்' என்று கேட்டால் செல், ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர் மூன்றும் நலம். கோளாறு ஃபிலிமிலோ மாட்டிய விதத்திலோ இருக்கிறது. கேட்காவிட்டால் செல்லில் தொடங்கி ஸ்பீக்கர் வயர் வரை ஒவ்வொன்றாகத் தேட வேண்டும். ஒரு துண்டு அட்டையில் பாதி நோய் தெரிந்துவிடும்.

2. சத்தம் அடைத்தாற்போல் கேட்கிறது. ஒலி லென்சில் எண்ணெய் அல்லது தூசு படிந்திருக்கும், இல்லாவிட்டால் அதன் ஃபோகஸ் விலகியிருக்கும். ஃபிலிம் உருளையோடு ஒட்டாமல் தளர்ந்து ஓடினாலும் இப்படித்தான்.

3. குரல் அலைகிறது, நடுங்குகிறது. ஒலி உருளையோடு ஒரு கனமான சக்கரம் இணைந்திருக்கும். ஓட்டத்தைச் சீராக்குவது அதன் வேலை. அதன் பேரிங்கில் கிரீஸ் இறுகினாலோ, ரப்பர் பெல்ட் தளர்ந்தாலோ நாதஸ்வரம் அழுவது போலக் கேட்கும்.

4. பேச்சும் உதடும் பொருந்தவில்லை. லூப் பெரிதாகிவிட்டது அல்லது சிறுத்துவிட்டது. 26 ஃபிரேம் என்பது ஒரு வினாடிக்குச் சற்று அதிகம். லூப்பில் நாலைந்து ஃபிரேம் கூடினாலோ குறைந்தாலோ கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

5. மோட்டார் படகு போல 'டபடப' சத்தம். ஒளிக்கோடு பக்கவாட்டில் நகர்ந்து, ஒலிப் பட்டையை விட்டுப் படத்தின் ஓரத்தைப் படிக்கிறது. ஒவ்வொரு ஃபிரேமின் விளிம்பும் ஒரு தட்டு. வினாடிக்கு 24 தட்டு! 35 எம்.எம்.மில் துளைப் பக்கம் நகர்ந்தால் ஃபிரேமுக்கு 4 துளை வீதம் வினாடிக்கு 96 அதிர்வு, தடித்த முழக்கமாகக் கேட்கும்.

6. குரல் தடித்து இழுக்கிறது. மௌனப் படத்துக்கான வேகத்தில் சுவிட்ச் நிற்கிறது. பேசும் படத்துக்கு வினாடிக்கு 24 ஃபிரேம் வேண்டும். அமெரிக்கக் கருவியில் இன்னொரு காரணமும் உண்டு. அங்கே மின்சாரம் 60 சுழற்சி, இங்கே 50. அங்கத்திய சின்க்ரனஸ் மோட்டார் இங்கே ஓடினால் 24க்குப் பதில் 20 ஃபிரேம்தான் ஓடும். 110 வோல்ட்டுக்கு டிரான்ஸ்பார்மர் வைத்தால் மட்டும் இது தீராது, புல்லியையும் மாற்ற வேண்டும்.

7. ஓயாத 'ம்ம்ம்' இரைச்சல். ஆம்ப்ளிஃபயரின் பழைய கன்டென்சர்கள் காய்ந்துவிட்டன. பல வருடம் மூலையில் கிடந்த கருவியை எடுத்தவுடன் நேரே மின்சாரத்தில் சொருகுவது தவறு. மின்னழுத்தத்தை மெல்ல மெல்ல ஏற்றிப் பார்க்க வேண்டும். வால்வு செட்டில் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கன்டென்சரில் உயிருக்கு ஆபத்தான மின்சாரம் தங்கியிருக்கும். பழக்கமில்லாதவர்கள் உள்ளே கை வைக்கக் கூடாது.

உப்பும் ஜெனரேட்டரும்

இந்தப் பழுதுகள் எல்லா ஊருக்கும் பொது. கடற்கரை தன் பங்குக்கு மேலும் சிலவற்றைச் சேர்க்கிறது. உப்பு ஈரம் பித்தளையையும் செம்பையும் பச்சை பூக்க வைக்கும். வால்வு சொருகும் குழிகளிலும் ஸ்பீக்கர் பிளக்கிலும் அந்தப் பச்சை படிந்தால் சத்தம் விட்டு விட்டு வரும். சத்தத்தைக் கூட்டும் திருகைத் தொட்டாலே 'கரகர' என்னும். காகித ஸ்பீக்கர் ஈரத்தில் ஊறித் தொய்யும். மணல் துகள் ஒலி உருளையில் ஏறினால் ஒலிப் பட்டையில் கோடு கிழியும். அந்தக் கோடு ஒவ்வொரு காட்சியிலும் 'பொரபொர'வென்று பொரியும்.

மின்சாரம் இல்லாத இடத்தில் ஜெனரேட்டர். அதன் வேகம் ஏறி இறங்கினால் எக்ஸைட்டர் லாம்பின் ஒளியும் மாறும், சத்தம் கூடிக் குறையும். சில மோட்டார்களில் ஓட்டத்தின் வேகமே மாறிப் பாடகரின் சுருதி கலையும். எனவே ஜெனரேட்டரைத் தூரத்தில் நிறுத்தி, நீளமாக வயர் இழுத்து, அதன் இரைச்சல் படத்தின் சத்தத்தை விழுங்காமல் பார்த்துக்கொள்வதும் ஆபரேட்டரின் கலைதான்.

நீரின் நிறத்தையும் காற்றின் போக்கையும் வைத்து மீன் இருக்கும் இடத்தைச் சொல்வது மீனவரின் அறிவு. ஸ்பீக்கரில் வரும் 'டபடப'வை வைத்து ஒளிக்கோடு எந்தப் பக்கம் நகர்ந்திருக்கிறது என்று சொல்வது ஆபரேட்டரின் அறிவு. இரண்டும் பெரும்பாலும் ஏட்டில் ஏறாதவை.

இனி என்ன?

1965ல் சூப்பர் 8 வந்தது. 1973ல் ஒலியோடு படம் பிடிக்கும் சூப்பர் 8 ஃபிலிமும் வந்தது. இதில் ஒலி ஒளியால் அல்ல, டேப் ரிக்கார்டரைப் போலக் காந்தப் பட்டையில் பதிந்தது. 1980களில் வீடியோ பரவியதும் வீட்டுப் புரொஜக்டர்கள் பரணுக்குப் போயின. 2010களில் திரையரங்குகளும் டிஜிட்டலுக்கு மாறின. கள விளம்பர இயக்ககம் 2017ல் வேறு அமைப்போடு இணைக்கப்பட்டது. ஃபிலிம்ஸ் டிவிஷன் 2022ல் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு இணைந்தது.

இழப்பு சிறியதல்ல. 'காளிதாஸ்' படத்தின் ஒரு பிரதி கூட இன்று இல்லை. பரணில் தப்பிக் கிடக்கும் ஃபிலிம்களுக்கும் காலம் குறைவு. வெப்பமும் ஈரமும் சேர்ந்தால் அசிடேட் ஃபிலிம் சிதைந்து வினிகர் வாடை அடிக்கும், சுருங்கும், வளையும். ஒரு சுருள் கெட்டால் பக்கத்துச் சுருளையும் கெடுக்கும். காந்தப் பட்டை ஒட்டிய ஃபிலிம் இன்னும் சீக்கிரம் போகும். பழவேற்காடு போன்ற கரையில் இது எவ்வளவு வேகமாக நடக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. ஒளியால் எழுதிய ஒலியைப் படிக்க இன்று புரொஜக்டரே தேவையில்லை. ஃபிலிமின் முழு அகலத்தையும் ஸ்கேன் செய்தால், ஒலிப் பட்டையின் படத்திலிருந்தே கணினி சத்தத்தைப் பிரித்தெடுக்கும். அமெரிக்காவின் தென் கரோலினா பல்கலைக்கழகம் இதற்காக 'ஏ.இ.ஓ. லைட்' என்ற மென்பொருளை உருவாக்கி எல்லோருக்கும் திறந்து வைத்திருக்கிறது. சுருங்கிப்போய்க் கருவியில் ஓடாத ஃபிலிமும் இந்த வழியில் பேசக்கூடும். ஆனால் அது பேசுவது சரிதானா, குரலின் வேகம் சரியா, பொரிவது ஃபிலிமின் கீறலா அல்லது அன்றைய ஒலிப்பதிவின் குறையா என்பதைக் கணினி மட்டும் சொல்லிவிடாது. அதற்குப் பழைய கருவியின் பழுதுகளைக் கேட்டுப் பழகிய காது வேண்டும்.

பரணில் சுருள் கண்டெடுத்தவர்கள் செய்ய வேண்டியது இவ்வளவுதான். ஆர்வத்தில் உடனே புரொஜக்டரில் மாட்டக் கூடாது. முதலில் முகர்ந்து பார்க்க வேண்டும். வினிகர் வாடை இருந்தால் மற்றவற்றிலிருந்து பிரித்து, காய்ந்த குளிர்ந்த இடத்தில் வைத்து, ஸ்கேன் செய்ய வழி தேட வேண்டும். ஊரில் பழைய ஆபரேட்டர் யாராவது இருந்தால் அவரிடம் உட்கார்ந்து பேச வேண்டும். அந்த அட்டைத் துண்டின் 'தட், தட்' எதைச் சொல்கிறது என்று அவருக்குத் தெரியும். அவர் சொல்வதை ஒருவர் எழுதி வைத்தால் போதும். சத்தம் எங்கே போனது என்று பின்னால் தேட வேண்டியிருக்காது.